மேலே எழுதி வைத்த வரி

மிஸ்பா, ஸலாம். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குது? சனோபர் ஸ்கூலுக்கு அழாம போறாளா? நான் நல்லா இருக்கேன். நொய்டாவுல குளிர் குறைஞ்சிடுச்சு.

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன். பெருசா ஒண்ணுமில்ல. எங்க புரோகிராம் நெட்டுல எந்தக் கம்ப்யூட்டரோட பேசலாம், எதோட பேசக் கூடாதுன்னு அதுக்கு மேலயே ஒரு வரி எழுதி வெப்போம். அது என் வேலை. புரோகிராமை ஓட்டுற சாஃப்ட்வேர் புது வெர்ஷனுக்கு மாறினப்போ அந்த வரியை அப்படியே விட்டுட்டேன். புது வெர்ஷன் அதை மதிக்கிறதே இல்லன்னு எனக்குத் தெரியல. ஓட்டிப் பாக்காமலே "பத்திரமா இருக்குது"ன்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன். மீட்டிங்ல ஒரு பொண்ணு ஓட்டிக் காட்டுச்சு. புரோகிராம் ஏதோ சினிமா சைட்டோட போய்ப் பேசுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். காதெல்லாம் சூடாயிடுச்சு.

வேலைக்கு ஒண்ணும் ஆகல. ஜகபர் அலி மாமாவை மட்டும் பொறுக்கச் சொல்லு. அவர் பையன் வேலைக்காக ஆபீஸ்ல பேசுறேன்னு சொல்லியிருந்தேன். இப்ப யார் முகத்தைப் பாத்துக் கேக்குறது?

மிளகாய்த்தூள் அரைச்சு அனுப்பு. இங்க வாங்குறதுல நிறம்தான் இருக்குது.

அன்னிக்கு நீ கூப்பிட்டப்போ மீட்டிங்ல இருக்கேன்னு மெசேஜ் போட்டேனே, மீட்டிங் அப்பவே முடிஞ்சிடுச்சு. படிக்கட்டுல உக்காந்து, போன்ல உன் பேர் வந்து நிக்கிறதைப் பாத்துட்டே இருந்தேன். கண்ட இடத்துக்கும் புரோகிராமைப் போக விட்டவன், உன் ஒரு போனை வர விடல.

கூரியர் கடை மூடுற நேரம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் கூப்பிடு. எடுத்துடுவேன்.

அக்மல்