முட்டையும் உப்பும் இல்லாத வட்டிலப்பம்

மச்சான்,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைச் சந்தியில் ஆப்பிள் வண்டிக்காரன் ஒருவனோடு சண்டை பிடித்தேன். "ஹாஜியார், இப்பதான் கப்பலால வந்து இறங்கின சாமான், மணத்திப் பாருங்க" என்று ஒரு பச்சை ஆப்பிளை என் மூக்கடியில் நீட்டினான். நான் ஹஜ்ஜுக்குப் போனவனல்ல. அது என் நரைத்த தாடிக்கு அவன் கொடுத்த மரியாதை. "கப்பல் கதையச் சத்தம் போட்டுச் சொல்லாத" என்று பாய்ந்தேன். திகைத்துப் போனான். பழம் வந்த வழியைச் சொன்னால் இந்தக் கிழவனுக்கு ஏன் கோபம் வருகிறதென்று அவனுக்கு எப்படித் தெரியும்? உனக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு நாம் இருவரும் பள்ளிக்கூட முகாமில் ஒரே வகுப்பறையில் கிடந்தோம். உன் மனைவியை நீயே அடக்கம் செய்தாய். மகள் கிடைக்கவே இல்லை. அன்றோடு மீனை விட்டாய். அப்போது ஊரில் யாருமே மீனைத் தொடவில்லை. மற்றவர்கள் மெல்ல மெல்லத் திரும்பத் தொட்டார்கள். நீயோ இறைச்சியையும் விட்டாய், பிறகு முட்டையையும் பாலையும் விட்டாய். அறிவு தெரிந்த நாள் முதல் கடலில் கிடந்த மீன்காரன்!

நான் சும்மா இருப்பேனா? "அல்லாஹ் ஹலாலாக்கினத நீ ஹராமாக்கிறயாடா?" என்று கேட்டேன்.

"ஹராமெண்டு நான் சொல்லல்ல மச்சான். என்னால ஏலாதெண்டுதான் சொல்றன்."

"மீன் சரி. முட்டை என்ன செஞ்ச?"

"அதுக்குள்ள ஒரு பிள்ளைதானே இரிக்கி. பாலும் கண்டுக்குட்டிட பங்கு" என்றாய்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. எனக்கு எதற்குத்தான் மறுமொழி இல்லை? ஆனால் உன் கன்னம் ஒட்டிக் கிடந்தது. நிவாரண லொறியில் வந்த ஆப்பிள் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக் கடித்தாய். அடக்கம் முடிந்த பிறகு நீ வாயில் வைத்த முதல் சாப்பாடு அதுதான்.

எனக்கு யாரும் சமையல் சொல்லித் தரவில்லை. கலியாணத்துக்கும் கந்தூரி விருந்துக்கும் அடுப்பில் கிடாரம் ஏற்றியவன் நான். பார்த்தும் கருக்கியும் படித்தவன். ஆப்பிளை மட்டும் தின்று ஒரு மனிதன் எத்தனை நாள் நடமாடுவான்? அதையே சமைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். காய்ப்பதத்தில் இருந்ததைத் தேங்காய்ப்பாலில் குழம்புபோல ஆணம் வைத்தேன். கனிந்ததைத் துருவிச் சர்க்கரைப் பாகில் கிண்டி அல்வாபோலத் தொதல் ஆக்கினேன். நெய் இல்லை, தேங்காயெண்ணெய்தான். நீ சாப்பிட்டாய். பெருநாள் வந்தபோது அந்த ஆப்பிளை மசித்து, ஆவியில் அவிக்கிற நம் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் செய்ய நினைத்தேன். வட்டிலப்பத்துக்கு முட்டைதான் உயிர். முட்டையில்லாமல் அது கிண்ணத்தில் நிற்காது. யோசித்து யோசித்து, நோன்புக்கு நாம் காய்ச்சுகிற கடல்பாசியைப் போட்டு இறுக்கினேன். வெட்டினால் விளிம்பு உடையாமல் அழகாக நின்றது.

"இது என்னத்தால இறுகின?" என்று கேட்டாய்.

"கடல்பாசி. முட்டையும் இல்ல, பாலும் இல்ல. தின்."

கிண்ணத்தைத் தள்ளி வைத்தாய். "கடலுக்குள்ளால வந்தது எனக்கு வேணாம்."

எனக்குக் கோபம் ஏறியது. "அப்ப உன்ட சோத்துக்குள்ள கெடக்கிற உப்பு? அது வானத்தாலயா வந்த?"

நீ சோற்றைப் பார்த்தாய். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாய். மறுநாளிலிருந்து உப்பையும் விட்டாய். வாதத்தில் வென்றவன் நான், மச்சான். உலகத்தில் எவனாவது ஒரு கதைக்காக உப்பை விடுவானா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மனைவி சொன்னாள்: "நீங்க வாயத் திறக்கிற நேரமெல்லாம் அந்த மனுசன்ட பீங்கானில ஒண்டு கொறையுது. கொஞ்சம் சும்மா இரிங்களன்."

கடல்பாசியை விட்டுவிட்டு வேறு வழி தேடினேன். ஆப்பிளில் வேண்டாமென்று வீசுகிற தோலையும் நடுத்தண்டையும், விதையை நீக்கி, வெகுநேரம் அவித்து வடித்துப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் சர்க்கரையோடு சுண்டியதும் பசைபோலத் தடித்தது. ஆப்பிளை இறுக்க ஆப்பிளே போதும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வறுத்த அரிசிமாக் கொஞ்சம், தேங்காய்ப்பால், ஏலம், சாதிக்காய் சேர்த்து ஆவியில் வைத்தேன். சற்றுத் தளதளவென்றுதான் நின்றது. "முட்டையில்லாத வட்டிலப்பமாம்" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பழம் வாங்கி வரும்போது இன்னொன்றும் செய்வேன். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் பிறநாட்டு ஸ்டிக்கரை வழியிலேயே நகத்தால் உரித்துப் போடுவேன். நீயாக ஒன்றையும் கேட்டுவிடக் கூடாது, நானாக ஒன்றையும் சொல்லிவிடக் கூடாது.

யுத்தம் முடிந்ததென்று சந்தியில் பட்டாசு வெடித்தபோது நீ படுக்கையில் இருந்தாய். நற்பிட்டிமுனைப் பக்கம், அலைச்சத்தம் கேட்காத வயலோரத்தில் நீயாகத் தேடிப்போன ஒற்றை அறை. இனிமேல் தடையில்லாமல் கடல் தொழிலுக்குப் போகலாமென்று உன் பழைய கூட்டாளிகள் கூப்பிட வந்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். உடம்பில் உப்பின் அளவு இறங்கிவிட்டதென்று டொக்டர் சொன்னார். "நல்லம், இறங்கட்டும்" என்றாய். என் மனைவி பொறுக்கமாட்டாமல், "ஒரு கிள்ளு உப்ப உள்ளுக்குப் போடுங்க, தெரியவா போகுது?" என்றாள். "அவனோட சண்டை பிடிப்பன், அவன ஏய்க்க மாட்டன்" என்றேன். கிடாரம் கிடாரமாகச் சோறாக்கி ஊருக்குப் போட்டவன், ஒரே ஒரு மனிதனுக்குச் சோறூட்ட வழி தெரியாமல் அடுப்படியில் நின்றேன்.

அந்த வருட நோன்புப் பெருநாள் காலையில் கிண்ணத்தோடு வந்தேன். உன்னைத் தூக்கிச் சாய்த்து வைத்தேன். ஒரு கரண்டி எடுத்தவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாய்.

"மச்சான், இந்தப் பழம் எங்கால வாற?"

கடலைத் தாண்டி வருகிறது. கப்பலில், கடலுக்கு மேலால் வருகிறது. என் ஆயுளில் இதைவிட வெட்டான மறுமொழி எனக்குக் கிடைத்ததில்லை. அது நாக்கு நுனியில் நின்றது.

"சந்தையால" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாய். "நீ ஒருநாளும் ஒரு சொல்லோட நிப்பாட்டினவன் இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாய். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ இருக்கவில்லை.

அடிவானத்தில் கப்பல்கள் போவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நீ. தெரிந்துதான் சாப்பிட்டாயா? உன்னை அடக்கிய கபுறடியில் நின்று கேட்டும் பார்த்துவிட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை.

இந்தப் பெருநாளுக்கும் அதையே செய்யப் போகிறேன். "ஒரு கிள்ளு உப்புப் போட்டா என்ன வாப்பா?" என்று என் மகள் வழக்கம்போல முணுமுணுப்பாள். போடமாட்டேன். வண்டிக்காரனோடு சண்டை பிடித்தும் அவனிடமே பழம் வாங்கினேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் போட்டேன். எங்கால வந்ததென்று கேட்கிறவர் வீட்டில் ஒருவரும் இல்லை.