அந்தப் பல்வலி ராத்திரி

அம்மா,

கிராம்புத் தைலத்தின் மணம் இன்னும் என் விரலில் இருக்கிறது. நேற்று ராத்திரி உன் பேரனுக்குக் கடவாய்ப்பல் வலி. பகல் முழுக்க விளையாடித் திரிந்த பயல், பாயில் படுத்ததும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு துடித்தான். படுத்தால் ரத்தம் தலைக்கு ஏறும், பல்லுக்குள் விண்விண்ணென்று தெறிக்கும், அதனால்தான் ராத்திரியில் கூடுகிறது என்று பல் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எழுப்பி உட்காரவைத்தேன். இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னேன். பல்லிடுக்கில் மாட்டியிருந்ததை நூல் விட்டு எடுத்துவிட்டு, பஞ்சில் ஒரு சொட்டுத் தைலம் தொட்டு வைத்தேன். விடியும்வரை தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வலி போய்விட்டது, டாக்டர் வேண்டாம் என்று ஒரே அடம். தானாக நின்ற பல்வலியை நம்பக்கூடாது. இழுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உனக்கு இதெல்லாம் தெரியாது. அந்தக் காலத்தில் பாறசாலைப் பக்கம் யாருக்குத் தெரிந்தது?

எனக்கு அப்போது ஐந்து வயது. நம் ஊர் மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ்காரர்கள் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா கொடி பிடித்துப் போனவர். நம் மரச்சீனிக் கிழங்கு விளைக்குப் பின்னால், ஓடைக்கரைத் தாழைக்காட்டுக்குள் ஒளிந்திருந்தார். இருட்டினால் நான் அப்பா எங்கே என்று அழத் தொடங்குவேன். ஆட்கள் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் நான் எதையாவது உளறிவிட்டால் தீர்ந்தது. அதற்கு நீ கண்ட வழி கருப்பட்டி. ஒரு சின்னத் துண்டை என் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துப் படுக்கப் போடுவாய். "கடிக்காத மக்கா, மெள்ளக் கரையட்டு" என்பாய். இனிப்போடு உறங்கிப்போவேன். பனையேறும் வீடுகளில் பிள்ளையை அடக்க எல்லாரும் எப்போதாவது செய்வதுதான். நீ மாதக்கணக்கில் தினமும் செய்தாய். பாவம், அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து என் பல்லை உள்ளுக்குள் குழியாக்கிக்கொண்டிருந்தாய்.

ஒரு நாள் அந்தப் பல் வலிக்கத் தொடங்கியது. அந்த ராத்திரியில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான். முதலில் வலி. பிறகு அப்பாவின் தோள். என்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். கீழே கிடத்தப் பார்த்தபோதெல்லாம் நான் வீரிட்டேன், மறுபடி தூக்கினார். அப்படியே விடிந்துவிட்டது. காலையில் வந்தவர்கள் அவரைக் கொண்டுபோனார்கள். நாலு மாதம் ஜெயிலில் அடிபட்டுத் திரும்பி வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். அடுத்த மழைக்கு அவர் இல்லை. அவர் ஆசைப்பட்டபடி நம் ஊர் தமிழ்நாட்டோடு சேரவும் இல்லை.

ஒளிந்திருந்தவன் எப்படி வீட்டுக்கு வந்தான் என்று ஊர் கேட்டது. "நான்தான் போய்க் கூப்பிட்டேன்" என்று நீ சொன்னாய். உனக்குத் தனியே கிடக்கப் பயமாக இருந்ததாம். அதன்பிறகு பெரியப்பா நம் வீட்டுப் படி ஏறவில்லை. புருஷனை வரவழைத்துப் பிடித்துக்கொடுத்தவள் என்ற பேச்சு பனச்சமூட்டுச் சந்தைவரை போனது. வேதக்கோயிலில் நீ உட்கார்ந்த பெஞ்சில் யாரும் நெருங்கி உட்காரமாட்டார்கள். அதையெல்லாம் நம்பித்தான் நானும் வளர்ந்தேன்.

என் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று பெரியப்பா சொல்லியனுப்பிய அன்று எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். என் வாய் உனக்குத் தெரியாததா? நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். நேரே வந்து நின்று கேட்டேன்.

"பயம் வந்தா கதவைப் பூட்டிட்டுக் கிடக்கப்பிடாதா? அப்பாவைக் கொன்னது நீதானே?"

உன் கை நிற்கவில்லை. "ஓ, நான்தான் மக்கா," என்றாய். "நீ போய்க் காப்பி குடி."

போய்க் காப்பி குடித்தேன், அம்மா. படுபாவி, குடித்தேன்.

போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அடுத்த வீட்டு மாமி என்னைத் தனியே அழைத்தாள். அந்த ராத்திரி என் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்க உப்புக்கிழி சூடாக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தவள் அவள்.

"உங்கம்மை ஒரு எட்டு வெளியில வைக்கல்ல மக்கா. உனக்க வாயைப் பொத்திப் பிடிச்சிட்டிருந்தா. நீ அவளுக்க கையைக் கடிச்சுப்போட்டு அலறினே. அந்தச் சத்தம் கேட்டாக்கும் உங்கப்பன் ஓடி வந்தான். பிள்ளைக்க காதுக்கு இது போகப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா."

உன் கையைப் பார்க்கவேண்டும் என்று எழுந்தேன். பெட்டியை மூடி மண்ணும் போட்டாகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. தழும்பு இருந்ததா அம்மா? எந்தக் கை? முப்பது வருஷம் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். ஒரு நாளாவது நான் பார்த்திருந்தால் இப்போது சொல்லத் தெரிந்திருக்கும்.

மறுநாளே பெரியப்பாவிடம் போனேன். அம்மா கூப்பிடவில்லை, அழுதது நான் என்று சொன்னேன். கிழவர் "அஞ்சு வயசுப் பிள்ளைய ஆரு குத்தம் சொல்லப்போறா? அவ உள்ளதைச் சொல்லியிருந்தா நாங்க அவளைக் கைவிட்டிருப்போமா?" என்று அழுதார்.

அவர் சொன்னது சரி. யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். உன்னையும் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அது உனக்கும் தெரிந்துதான் இருக்கும். வளர்ந்து ஆளான பிறகு, என்னால்தானே அப்பா செத்தார் என்று என்னை நானே கேட்பேனே, அதற்குத்தான் நீ பயந்தாய். வலித்தால் அழு மக்கா, அழுவது தப்பில்லை என்று நேற்று ராத்திரி என் மகனிடம் சொன்னேன். எனக்கு அதைச் சொல்லிக்கொள்ள வரவில்லை.

ஆயுசு முழுக்க எனக்குத் தராமல் நீ பிடித்துவைத்திருந்த பழியை, நீ மண்ணுக்குள் போன அன்றே நான் வாங்கிக்கொண்டேன், அம்மா. இனி அது என்னிடம்தான் இருக்கும்.