பன்னிரண்டாவது என்று எழுதச் சொன்னது நான்தான்

கடலூர் முதுநகர்
18.11.2007

அன்பு மகன் ராபர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, எழில் மூவரும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். போனில் நீ அவசரமாகக் கேட்பாய், நான் அழுதுவிடுவேன், பாதி விட்டுப்போகும். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். முழுவதும் படித்த பிறகு கோபப்படு.

உன் தங்கை எழிலரசி ஆபீஸ் வேலைக்குப் போகிறாள் என்று ஏழு மாதமாக உன்னிடம் சொல்லி வந்தேன் இல்லையா, அது பொய். குறிஞ்சிப்பாடி போகிற ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில், ப்ளீச்சிங் பவுடரைப் பாக்கெட் போடுகிற பிரிவில் இருந்தாள். போன தடவை நீ லீவில் வந்தபோது சாப்பாட்டில் உட்கார்ந்து, "அஞ்சு வருசம் செதம்பரம் காலேஜுக்கு பஸ்ல போயிட்டு வந்து என்னத்தக் கண்ட? நான் ஐடிஐ முடிச்ச எட்டாவது மாசம் பிளேன் ஏறிட்டேன்" என்றாய். அவள் தட்டை அப்படியே விட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசியதே இல்லை. நீ கேட்டதில் தப்பு இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றதும் ஒரு இடத்தில் அனுபவம் இல்லை என்பார்கள், இன்னொரு இடத்தில் "ஜாஸ்தி படிச்சவுங்க நாலு மாசத்துல போயிடுவாங்க" என்பார்கள். இரண்டு வருடம் இப்படி அலைந்து அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அப்போதுதான் பக்கத்துத் தெரு மங்கலம், தான் வேலை செய்கிற அந்தக் கம்பெனியில் பன்னிரண்டாவது படித்த பெண்களை எடுக்கிறார்கள் என்று சொன்னாள். பன்னிரண்டாவது என்று மட்டும் எழுதிக் கொடு, மீதியைச் சொல்லாதே என்று எழிலிடம் சொன்னது நான்தான். அப்பாவுக்கும் தெரியாது.

போன மாதக் கடைசியில் விடாத மழை. கம்பெனியில் ஆசிட் கேன் வைக்கிற கொட்டகை ஒழுகுகிறது என்று, அத்தனை கேனையும் தூக்கி வந்து இவர்கள் பவுடர் போடுகிற ஷெட்டில் அடுக்கியிருக்கிறார்கள். எழில் காலையிலேயே சூப்பர்வைசர் கொளஞ்சியப்பனிடம் போய், ரெண்டையும் ஒரே எடத்துல வைக்கக் கூடாது சார், ஒண்ணோட ஒண்ணு கலந்தா விஷக் காத்து வரும் என்றாளாம். அவர், "பாக்கெட் ஒட்ற வேலைய மட்டும் பாரும்மா" என்று அனுப்பிவிட்டார். மத்தியானம் ஒரு கேன் சாய்ந்து ஆசிட், தரையில் சிந்தியிருந்த பவுடர் மேல் ஓடியது. பச்சையும் மஞ்சளுமாகப் புகை கிளம்பியதும் மங்கலமும் மற்ற பெண்களும், தீப்பிடித்தால் செய்வது போல் முந்தானையை மூக்கில் வைத்துக் குனிந்து தவழப் பார்த்திருக்கிறார்கள். எழில்தான், "குனியாதீங்க, இது கீழதான் தங்கும், நிமிந்து ஓடுங்க, காத்து வர்ற பக்கமா ஓடுங்க" என்று கத்தி எட்டுப் பேரையும் பின்வாசல் வழியாக வெளியே தள்ளியிருக்கிறாள். கடைசியாகத்தான் இவள் வந்தாள். இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சாயந்திரமே அனுப்பிவிட்டார்கள். இவளுக்கு மூன்று நாள் இருமல் இருந்தது, இப்போது சுத்தமாக இல்லை, நீ பயப்படாதே.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். கொளஞ்சியப்பனே முன்னால் வந்து, "அந்தப் பொண்ணு காலையிலயே சொல்லிச்சி சார், நாந்தான் கேக்கல" என்றாராம். அந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்லை, அதைக் கேட்ட பிறகு நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டாவது படித்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். எங்கேயோ படித்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இவள் எம்.எஸ்சி. என்று சொல்லிவிட்டாள். பொய் எழுதிக் கொடுத்து வேலையில் சேர்ந்திருக்கிறாய், வீட்டுக்குப் போ, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்.

ஒன்பது நாள் ராபர்ட். என் பெண்ணைப் போலீஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்களோ என்றுகூட நினைத்துவிட்டேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "எங்கிட்டகூட மறைக்கிற அளவுக்கு அந்தப் படிப்பு கேவலமாப் போச்சா" என்று ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான், டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார். பத்தாம் நாள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லி போன் வந்தது. கூட அப்பாவும் போனார். பொய் சொன்னதற்காக பாக்கெட் பிரிவிலிருந்து நீக்கியதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே மேசையில் மேனேஜர் கம்பெனி லேப் வேலைக்குப் புது விண்ணப்பம் கொடுத்தாராம். பரீட்சை வைத்தார்கள், நான்கு பேர் எழுதினார்கள், இவளை எடுத்தார்கள். ஆறு மாதம் ட்ரெய்னி. பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை அவள் கிளம்பியபோது எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இனிமேல் நான் யாரிடமும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

படித்தால் வேலை கிடைக்குமா என்று நீ கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த சர்டிபிகேட்டைப் பார்த்து வாசலோடு அனுப்பியவர்கள்தான் நிறையப் பேர், உன் பேச்சில் பாதி சரி. நேற்று மங்கலம் தன் பெண்ணை அழைத்து வந்து, இவள என்ன படிக்க வைக்கலாம் என்று எழிலைக் கேட்டாள். எழில் சொன்னாள், "வேலை கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. அவளுக்கு எதுல ஆசைன்னு கேட்டுட்டுப் படிக்க வைங்க. படிச்சத மறைக்க மட்டும் சொல்லாதீங்க." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி. வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், பிப்ரவரியிலாவது கேட்டுப் பார். ஆண்டவர் உன் கையையும் காலையும் காத்து, நீ போகிற இடமெல்லாம் உனக்கு முன்னே நடக்கட்டும். அப்பாவும் உன்னை ஆசீர்வதிப்பதாக எழுதச் சொன்னார். வருகிற ஞாயிறு போன் செய்யும்போது எழிலிடம் கொடுக்கச் சொல். பழையதைப் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். லேபில் உனக்கு என்ன வேலை என்று மட்டும் கேள். மீதியை அவளே பேசுவாள்.

உன் அம்மா,
ஜெயராணி ஆரோக்கியராஜ்