பாதி பிளாட்டிபஸ்

க்ளான்கரி
9 ஜனவரி 1986

அன்புள்ள டல்சி அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஆஸ்பத்திரிச் சலவை அறையைப் பெருக்கும்போது நோலீனுக்குக் கிடைத்த இருபது சென்ட் காசு இத்துடன். விளிம்பு தடித்து, எழுத்தெல்லாம் உள்ளே நெருங்கியிருக்கிறது. நாணயச் சாலையின் பிழைதான், சத்தியம் செய்வேன். “ஓபல் ரத்தினம் கிடைக்கும்னு குழி தோண்டினப்பவும் இப்படித்தானே சத்தியம் பண்ணீங்க!” என்று சிரிக்கிறாள், எடுத்துவந்த என் மனைவியே.

எனக்கு ஐம்பது வயதாகிறது அக்கா. ‘க்ளெம் சொன்னது சரி’ என்று ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும். நாணயக் கடையில் இருபது வருஷமாக இருக்கிற நீ சொல்லேன்.

உன் தம்பி
க்ளெம்

பிரிஸ்பேன்
17 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இது துணி உலர்த்தும் இயந்திரத்தில் மாதக்கணக்கில் உருண்ட காசு. வாரத்துக்கு இரண்டு இங்கே வருகிறது. அச்சடித்த பிறகு அடிபட்டதென்றால் உலோகம் நசுங்கி ஒதுங்கியிருக்கும். அச்சிலேயே வந்த பிழையில் அந்த நசுங்கல் இருக்காது. எடையையும் பார், வெட்டியதோ தேய்ந்ததோ என்றால் குறைந்திருக்கும்.

இனிக் காசை அனுப்பாதே. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பினால் போதும். கூரை ஒழுகுகிறதாமே, முதலில் அதைக் கவனி.

அக்கா
டல்சி

க்ளான்கரி
3 பிப்ரவரி

அக்கா,

பெட்ரோல் போட்ட இடத்தில் இன்னொரு இருபது சென்ட் சில்லறையாக வந்தது. பென்சில் தாளைப் பார். காசில் நீந்துகிற வாத்து மூக்குப் பிராணி, அந்தப் பிளாட்டிபஸ், பாதிதான் இருக்கிறது, மீதி அச்சே விழாத வெறும் பிறை. ராணி தலைப் பக்கத்தில் ஆண்டு எண் முழுசாகத் தெரிகிறது. நோலீன் மருந்தகத் தராசில் நிறுத்தாள், எடை குறையவே இல்லை.

இதுவும் அடிபட்டதென்றால் இந்தப் பைத்தியத்தை இதோடு விட்டுவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

க்ளெம்

பிரிஸ்பேன்
11 பிப்ரவரி

க்ளெம், என் தங்கமே,

நீ சொன்னது சரி. நீ சொன்னது சரிடா! கடையிலேயே அழுதுவிட்டேன். முதலாளி தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “காசை நேர்ல பார்க்கணும்தான், ஆனா எனக்குச் சந்தேகமே இல்லம்மா” என்றார். இதை விற்றுப் புதுக் கூரையே போடலாம்.

கழுவாதே, தேய்க்காதே, துணியால்கூடத் துடைக்காதே, மதிப்பே போய்விடும். பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பு. இத்தனை வருஷம் உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு என்னை மன்னித்துவிடு.

டல்சி

க்ளான்கரி
8 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகச் சாலை வெள்ளத்துக்குள் கிடந்தது. உன் கடிதம் இன்றுதான் வந்தது. “அக்கா பதில் போடலன்னா என்ன அர்த்தம்? சொல்ல மனசு வரல, அவ்வளவுதான்” என்றாள் நோலீன். எனக்கும் அப்படித்தான் பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காசில் ஓட்டை போட்டு நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டிவிட்டேன்.

உன் கடிதத்தை நோலீன்தான் வாய்விட்டு வாசித்தாள். முதல் வரியை நான் மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ பதறாதே. மத்தியானமே ஈயம் ஊற்றி ஓட்டையை அடைத்துவிட்டேன். தேய்க்காதே என்றுதான் எழுதியிருந்தாய். ஆனால் ஈயம் துருத்திக்கொண்டு நின்றால் யார் வாங்குவார்கள்? உப்புத்தாள் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்தேன். பளபளவென்று இருக்கிறது. பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன், நீ சொன்ன மாதிரியே.

இப்போதும் நான் சொன்னது சரிதானே, அக்கா?

உன் தம்பி
க்ளெம்