முந்திரித் தோப்பில் ஒரு காட்டேஜ்

நெய்வேலி,
ஆடி முதல் வெள்ளி.

அன்புள்ள அறிவழகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம், மழைதான் வருகிறேன் வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீ, சத்யப்பிரியா, குட்டி யாழினி மூன்று பேரும் சுகம் என்று தெரிகிறது, நீ அனுப்புகிற போட்டோக்களைப் பார்த்தால் சுகம் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பதும் தெரிகிறது. கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு அங்கே மணி என்ன, குளிரா வெயிலா என்று கேட்கச் சொல்வார், நீ குழந்தையைக் காட்டுவாய், நான் கொஞ்சுவேன், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்ல வேண்டும், அதனால் போஸ்ட் ஆபீஸ் வரை நடந்து போய் இதைப் போடப்போகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு உன்மேல் பொறாமை. நன்றாகப் படித்துக்கொள், கோபம் இல்லை, வருத்தம் இல்லை, பொறாமை. தாய்க் கண்ணே பொல்லாத கண் என்று நானே எத்தனையோ வீட்டில் சொல்லிச் சுற்றிப் போட்டிருக்கிறேன், அதனால் இதைப் படித்து முடித்ததும் சத்யாவை உப்பு மிளகாய் எடுத்து உனக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் போடச் சொல். மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டு நாவல் எழுதப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் நல்லது என்றுதான் சொன்னேன். அப்புறம் போட்டோவாக வர ஆரம்பித்தது. காலையில் நீ எழுதுகிறாய், சாயங்காலம் சிநேகிதர்களோடு கிடார் வாசிக்கிறாய், புதுசாக ஒரு கேமரா கழுத்தில் தொங்குகிறது, சனிக்கிழமை ஆனால் ஏரிக்கரையில் ஒரு மரவீடு, அதற்குப் பெயர் காட்டேஜ். அதில் ஒரு படம், தண்ணீருக்குள் நீண்டு போகிற பலகை மேடையில் காலியாக ஒரு நாற்காலி, சுற்றிலும் பனி. அப்பா பார்த்துவிட்டு ஆளே இல்லையே, இதை எதுக்குப் பிடிச்சிருக்கான் என்றார். நான் அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றிற்று. அதே வாரம் நானும் ஒரு போட்டோ அனுப்பினேன், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தபோது பவர் ஹவுஸ் புகை தனி வெள்ளையாக நின்றதே, அது. நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினாய். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கிடாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் கிடார் கிளாஸுக்கு உன்னை டிவிஎஸ் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனது நான். நீ உள்ளே வாசிப்பாய், நான் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீ மறந்துபோன பாடத்தை வீட்டில் முனகிக் காட்டினது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பாடின தொண்டை எனக்கு. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் மத்தியானம் வரை மூச்சுவிடக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது, குக்கர் விசில் வரக்கூடாது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டால் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்த வேண்டும். இதில் எங்கே பாடுவது? சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை எது என்று பார்த்தேன், அரிசியில் கல் பொறுக்குவதும் கதை எழுதுவதும்தான் இருந்தன. அப்படித்தான் நான் எழுத்தாளர் ஆனேன். அதுவும் எல்லாம் சின்னக் கதைகள். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் அப்பா எழுந்து காபி கேட்பார், நான் அவசரமாக முடித்துவிடுவேன். உன் கதையில எல்லாரும் சீக்கிரமா செத்துப் போயிடறாங்களே மலரு என்று கஸ்தூரியம்மாள் ஒரு தடவை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது சின்னக் கதை இல்லை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு பெண், புருஷன் கான்ட்ராக்டில் இருக்கிறான், அவன் பெர்மனென்ட் ஆகிறவரை பிள்ளை பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். நாவலாகத்தான் வரும். ஆனால் இரண்டாம் அத்தியாயம் தாண்டவில்லை, அவள் நினைப்பு ஓடி வருகிற நேரம் பார்த்துக் காஸ்காரன் வருகிறான், மாவு புளித்துவிடுகிறது, யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இந்த நேரத்தில் நீ உன் நாவலின் முதல் அத்தியாயத்தை அனுப்பிப் படித்துவிட்டுச் சொல் என்றாய். படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். மோசமாக எழுதியிருந்தால் பெற்றவளாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உன் அடுத்த செய்தி வருகிறது, செப்டம்பரில் சத்யா திரும்ப வேலைக்குப் போகிறாள், பிரசவத்துக்கு அத்தை வந்து ஆறு மாதம் இருந்துவிட்டார்கள், இப்போது உன் முறை அம்மா, நீ வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால் நான் புத்தகத்தை முடித்துவிடுவேன் என்று. சம்பந்தி பார்வதி வேறு அங்கே எடுத்த படத்தையெல்லாம் காட்டிக் காட்டி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாகிவிட்டது, அது போகட்டும். உன் புத்தகம் முடிய என் ஆறு மாதம். என் புத்தகம் முடிய யாருடைய ஆறு மாதம் என்று நீ ஒரு வரி கேட்டிருக்கலாம்.

சரி, அவனைக் குறை சொல்லி என்ன, நாமும் ஒரு காட்டேஜுக்குப் போவோம் என்று கிளம்பினேன். சிரிக்காதே. போன மாதக் கடைசியில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம், குழம்பு மாவு எல்லாம் பிரிட்ஜில் வைத்துவிட்டு, காடாம்புலியூர் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். தூக்கக் கலக்கத்தில் உம் என்றார். முந்திரி எடுத்து முடிந்துவிட்டால் உன் மாமா விஜயராஜின் தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்காது, மோட்டார் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பல்பு. ஏரி இல்லை, தண்ணீர்த் தொட்டி உண்டு. உன் அத்தை பெரியநாயகி என் பையை வாங்கிக்கொண்டு முகத்தையே பார்த்தாள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கோயில் கூழ் இல்லை, புருஷன் கூட வரவில்லை, கல்யாணமானவள் பையோடு தனியாகத் தாய்வீட்டு வாசலில் வந்து நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொட்டகையிலேயே தங்கிக்கொள்கிறேன், தனியாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினது போலாகிவிட்டது. முதல் நாள் முழுக்கப் பலாச்சுளை வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு தட்டோடும் ஒரு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. பெரியநாயகி கண்ணில் தண்ணீரோடு, அண்ணன் எதனா சொல்லிட்டாரா அண்ணி, மனசுலியே வச்சிகினு இருக்காதீங்க என்றாள். நான் கதாநாயகியை யோசித்து ஜன்னலைப் பார்த்தால் அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ராத்திரி உன் மாமா எனக்குத் தெரியாமல் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டான்.

விடிந்ததும் பார்க்கிறேன், ஷிப்ட் முடித்த கையோடு தூங்காமல்கூடக் கிளம்பி அப்பா வந்து நிற்கிறார், ஒரு கையில் மல்லிப்பூ, ஒரு கையில் ஜாங்கிரிப் பொட்டலம். பலா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாகிவிட்டது. நடுவே பாவாடைச் சித்தப்பா, ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையும் அவர் இல்லாமல் தீராது. ஆம்பளன்னா ரெண்டு வார்த்த சொல்றதுதாம்மா, அதுக்காவ வூட்ட வுட்டு வந்துடறதா என்று ஆரம்பித்தார். அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது, தான் செய்த குற்றம் எது என்று ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் கன்வேயர் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறார், கடைசியில், கொழம்புல உப்பு தூக்கலா இருக்குதுன்னு சொன்னேன், அதுக்கா கோவம் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் கதை எழுத வந்தேன் என்றேன். யாருமே நம்பவில்லை. எழுதின காகிதத்தை எடுத்து நீட்டினேன், உன் மாமா அதைப் புகார் மனு என்று நினைத்து வாங்கவே பயந்தான். நீ ஏரிக்கரைக்குப் போனால் ஊரெல்லாம் இதயம் போட்டு அனுப்புகிறது, நான் முந்திரித் தோப்புக்குப் போனால் பஞ்சாயத்து. கடைசியில் சமாதானம் ஆகிவிட்டது என்று எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், வாங்கித் தின்றேன், வேறு என்ன செய்வது. எழுதினது முக்கால் பக்கம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நிசமாவே எழுதத்தான் போனியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒனக்கு எத்தினி நாளு வேணும் என்று கேட்டார். அறிவு, இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உன்னையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீயே எடுத்துக்கொண்டாய், எடுத்துக்கொள்ளலாம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறதே, என் பொறாமையெல்லாம் அங்கேதான். ஆறு மாசம் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்ட அதே ஆறு மாதம்தான் வாயில் வந்தது. டவுன்ஷிப் வாசலில் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே வருகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்னார், அப்ப நான் போறேன் புள்ளயப் பாத்துக்க, ராத்திரி முழிக்கிறதுக்கு எனக்கு யாரும் கத்துத்தரணுமா என்று.

ஆகவே மகனே, நான் வரவில்லை. அப்பா வருகிறார். ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு அவருக்கு ரிடையர்மென்ட், குவார்ட்டர்ஸை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ள எழுதிக்கொடுத்து அனுமதியும் வந்துவிட்டது. நீ பயப்படாதே. குழந்தை ராத்திரி எந்த நேரம் அழுதாலும் முகம் சுளிக்காமல் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் நீ இருக்கிற நாட்டிலும் கிடைக்காது, அதற்குப் பக்கத்து நாட்டிலும் கிடைக்காது. சமையலில் ரசமும் உப்புமாவும்தான் வரும், மீதியை நீ செய், எழுதுகிறவன் கை கரண்டி பிடித்தால் தேய்ந்துவிடாது. பிரஷர் மாத்திரையைக் காலையில் நீயே எடுத்துக் கொடு, கேட்டால் போட்டுவிட்டேன் என்று பொய் சொல்வார். அந்தக் காட்டேஜுக்கு அவரைக் கூட்டிப் போ, தண்ணீர்ப் பக்கம் விடாதே, நீச்சல் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சத்யா நன்றாகப் பாடுவாள் என்று பார்வதி சொன்னாள், நீ அனுப்பின அத்தனை படத்திலும் தேடிப் பார்த்தேன், கிடார் உன் கையில் இருக்கிறது, கேமரா உன் கழுத்தில் இருக்கிறது, அவள் கையில் எப்போதும் குழந்தைதான் இருக்கிறது. அவளும் ஒருநாள் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே.

வில்லுடையான்பட்டு முருகன் உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் புத்தகம் நல்லபடியாக வரட்டும், என்னுடையதற்கு அப்புறம் வரட்டும். யாழினியின் இரண்டு கன்னத்திலும் எனக்காக முத்தம் கொடு. டிக்கெட்டை சிங்காரவேல் என்ற பெயரில் எடு, பாஸ்போர்ட் நகல் இதோடு இருக்கிறது. அவர் வந்து சேர்ந்த பிறகு அப்பாவுக்கு எது பிடிக்கும், குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன கொடுப்பது என்று எனக்குப் போன் போடாதீர்கள், எடுக்க மாட்டேன். நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் மேல் பாசமும் பொறாமையும் குறையாத அம்மா,
மலர்கொடி