மாசி மாதத்தில் நிரம்பிய ஏரி

அன்புள்ள அக்கா,

உன் கன்னியர் மடத்துல போன் பேச விடமாட்டாங்க. அதான் எழுதறேன்.

பனி விழவேண்டிய மாசியில இங்க ஓயாத மழை. இன்னும் ரெண்டு நாளைக்குக் கனமழைன்னு வானிலைச் செய்தியில சொல்றாங்க. ஏரி இப்பவே தளும்புது. பிள்ளைங்களை முதலியார்பேட்டைக்கு அவங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேன். அத்தைக்குத் துணையா இருக்கட்டும்னுதான், வேற ஒண்ணுமில்ல.

எங்க வீட்டுக்காரரு காலையிலேர்ந்து ஊர்க்காரங்களோட ஏரிக்கரையில மணல் மூட்டை அடுக்கறாரு. "மாசியில எவ்ளோ பெஞ்சிடும்? பயப்படாம சோறாக்கு"ன்னு சிரிச்சிட்டுத்தான் போனாரு.

சோறு எடுத்துட்டுப் போனப்ப, கரைக்கு அடியில ஒரு இடத்துல தண்ணி கலங்கலா கசிஞ்சிட்டிருந்தது. கரை உள்ளுக்குள்ள அரிச்சாத்தான் அப்படி மண்ணோட கலங்கி வரும்.

இதை எழுதிட்டிருக்கும்போதே வந்துட்டாரு. சேத்துக் காலைக்கூடக் கழுவல. சுவத்துல இருந்த மாதா படத்தைக் கழட்டித் துண்டுல சுத்திக்கிட்டு, "கிளம்பு"ன்னாரு.

"எப்ப திரும்பி வரலாம்?"னு கேட்டேன். அவரு வாசலுக்கு நடந்தாரு.

பூட்டறதுக்குச் சாவியைத் தேடினேன்.

"பூட்ட வேணாம், வா"ன்னாரு.

வாசல்ல நின்னுக்கிட்டு இந்தக் கடைசி வரிகளை எழுதறேன், அக்கா. கரையில இன்னும் ஆளுங்க நிக்கறாங்க. அவங்களுக்காகவும் வேண்டிக்கோ.

உன் தங்கச்சி