பின்பக்கம் மட்டும் இறக்கிய வண்டி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், எலும்பு விஷயத்தைக் கீழே எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில் கேட்டாய், புது வண்டியில் உட்கார்ந்தால் விரல் நுனிதான் தரையில் படுகிறது, ஒர்க்‌ஷாப்பில் பின்பக்கத்தை மட்டும் இரண்டு விரற்கடை இறக்கித் தருகிறார்களாம், அது போதாதா அம்மா என்று. போதாது. அப்போது விளக்கிச் சொல்ல முடியவில்லை, உன் தம்பி தாடையில் கட்டோடு பக்கத்தில் படுத்திருந்தான். அவனும் உன்னைப் போல ஆசைப்பட்டு உயரமான வண்டியை வாங்கி, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின்பக்கத்தை இறக்கினான். கால் இரண்டும் தரையில் பதிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சைடு ஸ்டாண்டின் நீளத்தை யாரும் குறைக்கவில்லை. கரும்பலகை முக்காலியில் பின்கால் கொஞ்சம் நீண்டுவிட்டால் பலகை முன்வரிசைப் பிள்ளைகள் தலையில் வந்து விழுமே, அதே கதைதான். வண்டி இடப்பக்கம் சாயாமல் விறைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடிக் கடை வாசலில் அதை நிறுத்திவிட்டு இவன் இறங்கினான், ஒரு லாரி போன காற்றுக்கே அது வலப்பக்கம் சரிந்து, கண்ணாடியைத் தூக்கி வந்த கடைக்காரரின் பாதத்தை நசுக்கிவிட்டது.

வேணும்னே தள்ளிவிட்டியாடா பொடிப்பயலே என்று அவர் இவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி இவன் தாடையிலேயே அடித்தார். பொடிப்பயல் என்றால் இவனுக்கு வெறி பிடிக்குமே, எகிறி அவர் மூக்கில் தலையால் முட்டினான். நான் காய் வாங்கித் திரும்பும்போது இருவரும் உடைந்த கண்ணாடி மேல் புரண்டுகொண்டிருந்தார்கள். உன் தம்பி கையில் கத்தி போல ஒரு சில்லு, முழங்கை வரை ரத்தம், அந்தச் சில்லு அவர் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வகுப்பில் போடும் குரலில் கீழே போடு என்று கத்தினேன். போட்டான். அதோடு முடியவில்லை. அந்தாளோட இன்னொரு காலையும் உடைக்கிறேன் பாரு என்று இவன் பல்லைக் கடித்தான். அவரோ தன் மச்சானைக் கம்பியோடு கடை வாசலில் உட்கார வைத்தார்.

முந்தாநாள் இருவரையும் நம் வாசலுக்கு வரவழைத்து, தள்ளி நிற்கச் சொல்லி, வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஒரு விரலால் தொட்டேன். தடாலென்று விழுந்தது. கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று, மன்னிச்சுக்கப்பா தம்பி என்றார். பாடம் ஏறிவிட்டது என்ற பூரிப்பில் டீ போட உள்ளே போனேன். டீயோடு வந்தால் இருவரையும் காணோம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, மெக்கானிக்கை அடிக்கப் போயிருந்தார்கள். மெக்கானிக்குக்கு முன்பற்கள் போயின, ஸ்பேனர் பிடிக்கும் கையின் மணிக்கட்டையும் உடைத்துவிட்டார்கள். நேற்று அந்த மெக்கானிக்கின் மனைவி வந்து, டீச்சரம்மா, நீங்க சொல்லிக்கொடுத்தது இதைத்தானா என்று கேட்டாள். தம்பியைக் காலையில் போலீஸ் அழைத்துப் போயிருக்கிறது, அப்பா அங்கேதான் இருக்கிறார்.

உனக்கும் அதே வெறிதான், குட்டை என்று சொன்னவளின் காதைக் கடித்தவள் நீ. அதனால்தான் எழுதுகிறேன். முன்பக்கத்தையும் அதே அளவு இறக்கச் சொல், இல்லாவிட்டால் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், அவனும் சண்டைக்கு வருவான். ஸ்டாண்டை வெட்டிக் குறைக்கச் சொல். செய்யாமல் கொடுத்தால் வாயால் மட்டும் கேள். நீ காயமில்லாமலும், உன்னால் யாருக்கும் காயமில்லாமலும் நெடுங்காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா

வண்டியை வாங்கியதும் சமதரையில் ஸ்டாண்டில் போட்டு, வலப்பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, இடப்பக்கம் நின்று ஒரே ஒரு விரலால் தள்ளிப் பார்.